பெட்டியில் விழுந்த மஞ்சள்

பலாபத்வலையில் மசாலாத் தூள் பொதிசெய்யும் ஆலை ஒன்றுக்கு கண்டியிலிருந்து உளவியல் ஆலோசகர் ஒருவர் வந்தார். முப்பத்தொரு தொழிலாளர்களும் பயமில்லாமல் பேசினால்தான் வேலைத்தலம் உருப்படும் என்றார். பெயர் போடாமல் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி வைக்கச் சொன்னார். முகாமையாளர் றிஷாத் அன்றைக்கே பெட்டி வைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் வாரம் ஒரே ஒரு துண்டுதான் விழுந்தது. "மேனேஜர் எல்லாருக்கும் முன்னுக்கு ஏசுறாரு" என்று எழுதியிருந்தது. றிஷாத்தின் கண் தாளின் ஓரத்தில் படிந்திருந்த மஞ்சள் கறைக்குப் போனது. மஞ்சள் அரைப்பவர் சந்திரகாந்தா மட்டும்தான். றிஷாத் நேராக அவரிடம் போய், எல்லாருக்கும் முன்னால் ஏசினார்.

"பேரு போடாட்டி எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

மிளகு புடைத்தவர்களும் கராம்பு தெரிந்தெடுத்தவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியில் முப்பத்தொரு துண்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் அதே வாக்கியம். றிஷாத் ஒவ்வொன்றாக விரித்து ஓரத்தைப் பார்த்தார்.

முப்பத்தொன்றிலும் மஞ்சள்.