பெட்டியோடு வந்த மருந்து

"இந்த மருந்தை உங்கம்மா எத்தனை நாளாக் குடிக்கறாங்க, கண்ணு?" என்று மோகனூர் டாக்டர் என்னைக் கேட்டார். அம்மா வெளியே பெஞ்சில் படுத்திருந்தாள்.

"ரெண்டு வருசமாங்க" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அம்மாவின் நெஞ்செரிச்சலுக்கு நாமக்கல்லில் எழுதிக் கொடுத்தது பத்து நாளைக்குத்தான். வெள்ளை மருந்து, வேளைக்கு இரண்டு கரண்டி. லாரி ஓட்டும் அப்பா அதைப் பம்பாயிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி வரத் தொடங்கினார். மற்ற டிரைவர்களின் வீட்டுக்குச் சேலை வரும். "எங்கூட்டுக்காரரு மருந்தே பெட்டியோட கொண்டாராரு" என்பாள் அம்மா, பெருமையாக. நாளடைவில் கரண்டியை விட்டுவிட்டுப் பாட்டிலோடு குடித்தாள்.

பிறகு இடுப்பு வலித்தது. தொடை வலித்தது. சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. சமையலுக்கும் எருமைக்கும் ஆள் வேண்டுமென்று ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள்.

"இது வயித்துப் புளிப்பை மட்டும் அடக்காது. சோத்துல எலும்புக்குன்னு இருக்கற சத்தையும் புடிச்சு வெளியே தள்ளிரும். நிறுத்திப் போடு. பால் குடிக்கட்டும், காரத்தைக் கொறைக்கட்டும். ரெண்டு மூணு மாசத்துல எந்திரிச்சு நடப்பாங்க" என்றார் டாக்டர்.

அது மார்ச் மாதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பஸ்ஸில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

வீட்டிலிருந்த பாட்டில்களை ஒளித்துவைத்தேன். ஐந்தாம் நாள் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எரியுதே, கண்ணு. ஒரே ஒரு முழுங்கு." பாலைக் காய்ச்சிக் கொடுத்தேன். தட்டிவிட்டாள்.

எட்டாம் நாள் அப்பா புதுப் பெட்டியோடு வந்தார். டாக்டர் சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அப்ப நாந்தான் உங்கொம்மாவ மொடக்கிப் போட்டனா?" அப்பா சிரித்தார். "ஒம்பதாங்கிளாசோட டாக்டரம்மா ஆயிட்டியாக்கும்."

"இல்லீங்கப்பா, அந்த டாக்டரே..."

"டாக்டர் எங்கீங்க சொன்னாரு?" என்றாள் அம்மா பாயிலிருந்து. "நான் வெளியில கெடந்தேன், எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. இவ பள்ளிக்கூடம் போகோணும்னு கதை கட்டறா. எட்டு நாளா என்னையக் கொல்றாளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். 'நீங்களே மோகனூர் போய்க் கேளுங்கப்பா' என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பஸ்ஸில் நான் எண்ணியது உண்மைதானே.

அப்பா பாட்டில் மூடியைத் திருகி அம்மாவின் கையில் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பெட்டியை என் காலருகே நகர்த்திவைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார்.