ஒரே மாதிரி தப்பு

தாடிக்கொம்பு ரோட்டில் கல்யாண மண்டபம் நடத்தும் இளஞ்செழியன் காலையிலேயே பேகம்பூருக்கு வந்து, குர்ஷித் பேகத்தின் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றினார். தகட்டுப் பிசிறு காலைக் கிழிக்கும் என்று அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவருக்கு அன்றைக்கு அவ்வளவு பயம்.

“அக்கா, நீங்க குடுத்த பன்னெண்டு பீரோவுலயும் பேய் இருக்கு.”

குர்ஷித் பேகம் இரும்பு பீரோ செய்து விற்பவர். ஆர்டர் பிடிப்பது கணவர் அப்துல் ஹக்கீம். யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்வார், அதனாலேயே ஆர்டர் நிறைய வரும். இப்போதும் “இருக்கும், இருக்கும்” என்றார்.

விஷயம் இதுதான். மண்டபத்து அறைகளில் ஆள் நடந்தால் பீரோக் கதவு தானாகத் திறக்கிறது. ஒன்று மெதுவாக, ஒன்று டமாரென்று. ஒரு மாப்பிள்ளை வேட்டி மாற்றும்போது திறந்து, அவர் வேட்டியில்லாமல் மணமேடை வரைக்கும் ஓடியிருக்கிறார். பூசாரி வந்து எலுமிச்சம்பழம் அறுத்தார். அவர் கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. தட்சணைகூட வாங்காமல் போய்விட்டார்.

குர்ஷித் பேகம் கோணமானியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். பூட்டு நாக்கைப் பிடிக்க வேண்டிய விளிம்பு எந்தப் பீரோவிலும் நேராக மடங்கவில்லை. ஒன்று தொண்ணூறு டிகிரிக்குக் கூட, ஒன்று குறைய. நாக்கு வழுக்கிக் கதவு திறந்துகொள்கிறது. பேய் சடையாண்டிதான் என்று தெரிந்துவிட்டது.

சடையாண்டி பட்டறையில் கைமெஷின் இழுத்துத் தகடு மடக்குபவர்.

“அண்ணே, காலையில மடக்குனது ஒரு மாதிரி, மதியம் மடக்குனது ஒரு மாதிரி இருக்கே?”

“மதியச் சோத்துக்கு வெஞ்சனம் நல்லா இருந்தா கை தாராளமா இழுக்குதும்மா. நான் என்ன செய்ய?”

“நியாயந்தானே” என்றார் ஹக்கீம்.

தகட்டைத் தானே மடக்கும் பெண்டிங் மெஷின் வாங்குவது என்று முடிவாயிற்று. குர்ஷித் பேகம் பட்டறையில் புழங்கும் தகட்டையே வெட்டி டாடா ஏஸில் ஏற்றி, கணவரோடு கோயம்புத்தூருக்குப் போனார். ஷோரூம்காரன் தகடு என்ன யோக்கியதையோ, நம்ம தகடு எப்படி மடங்குது என்றுதான் பார்க்கணும் என்பது அவர் கட்சி.

விற்பனைக்கு நின்ற முகேஷ்குமார் முதல் மெஷினில் ஒரு தகட்டை மடக்கிக் காட்டினான். கச்சிதமாகத் தொண்ணூறு. போட்டோகூட எடுத்துக்கொண்டான்.

“இன்னும் இருபது மடக்குங்க தம்பி.”

“வந்துருச்சே மேடம்?”

“ஒண்ணு யாருக்கும் வரும்.”

மடக்க மடக்க அந்த மெஷின் மனசு மாறியது. நீளத் தகட்டில் இரண்டு ஓரமும் ஒழுங்காக மடங்கி, நடுவில் தொப்பை போட்டது. குர்ஷித் பேகம் அடுத்ததுக்கு நகர்ந்தார். அது கம்ப்யூட்டர் வைத்தது. விலையும் கூட. முதல் தகடு தொண்ணூற்றொன்றரை. முகேஷ்குமாருக்கு முகம் வெளுத்தது. இரண்டாவதும் தொண்ணூற்றொன்றரை. டீ குடித்துவிட்டு வந்து மடக்கியதும் அதே. மடக்கிய தகடுகளைக் குர்ஷித் பேகம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். ஊசி நுழைய இடமில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதத்தான் எடுக்குறோம்.”

ஹக்கீம் வாழ்க்கையில் முதல் தடவையாக மறுத்துப் பேசினார். “தப்பா மடக்குற மெஷினையா?”

“மடக்குனா தகடு கொஞ்சம் நிமிரத்தாங்க செய்யும். அதுக்குத் தக்கன கூட அமுக்கச் சொன்னா அமுக்கிட்டுப் போகுது. தெனம் ஒரே தப்பு பண்றவனத் திருத்திரலாம். தெனம் ஒரு தப்பு பண்றவன என்ன செய்ய?”

தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஹக்கீம் திரும்பும் வழியில் ஒட்டன்சத்திரம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

மெஷின் வந்தது. பன்னிரண்டு புதுப் பீரோ மண்டபத்துக்குப் போய்ப் பழையவை திரும்பின. புதுசில் ஒரு கதவுகூட அசையவில்லை. குர்ஷித் பேகம் நிம்மதியாகத் தூங்கினார். அந்த வாரமே இளஞ்செழியன் அழாத குறையாக வந்து நின்றார்.

“அக்கா, கதவு ஏன் தொறக்க மாட்டேங்குது?”

“தொறக்கக் கூடாதுன்னுதானே மாத்துனோம்?”

“பழைய பீரோ இருந்தப்ப கன்னிவாடிப் பொண்ணு ஒண்ணு அந்த ரூம்ல தங்குச்சுக்கா. ரெட்டப் புள்ள பொறந்துருக்கு. மகாலட்சுமி வந்து கதவத் தொறக்குறான்னு ஊரெல்லாம் பேச்சு. இப்ப எல்லாரும் கதவு தொறக்குற ரூமான்னு கேட்டுட்டுத்தான் மண்டபமே புடிக்கிறாங்க. அந்தப் பழைய தப்பக் குடுத்துருங்க.”

“அத ஒடச்சுப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு” என்றார் குர்ஷித் பேகம். குரலில் கோபம் இருந்தது. “அது பன்னெண்டு தப்பு. பீரோவுக்கு ஒரு தப்பு. இனிமே என்னால ஒரே தப்புத்தான் தர முடியும்.”

“ஒண்ணு போதும்க்கா.”

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் என்று அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். விளிம்பு எவ்வளவு சாய்ந்தால் நாக்கு சும்மா நிற்கும்போது பிடித்து, அதிர்ந்தால் மட்டும் விடும் என்று மடக்கி மடக்கிப் பார்த்தார். கிடைத்த கணக்கை மெஷினில் ஏற்றினார். சடையாண்டி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து பொத்தானை அமுக்கினார். பன்னிரண்டு விளிம்பும் ஒரே சாய்வில் வந்தன. மண்டபத்துப் பீரோக்களில் அவற்றை மாட்டியாயிற்று.

அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பு வந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார், கெட்டிமேளம் அடித்தது. மண்டபம் அதிர, பன்னிரண்டு அறையிலும் ஒரே நொடியில் டமார்! தவில்காரர் குச்சியைக் கீழே போட்டார். மாப்பிள்ளையின் அம்மா மயங்கி விழுந்தார். யாரோ “தாயே மகாலட்சுமி!” என்று கத்த, பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து கும்பிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் ரொம்ப நேரத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

குர்ஷித் பேகம் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அறை அறையாகப் போய், கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கோணமானி வைத்துப் பார்த்தார். கடைசி அறையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாஷா அல்லாஹ்” என்றார்.

மறுநாள் வடமதுரையிலிருந்து வெற்றிலை மென்றபடி ஒருவர் பட்டறைக்கு வந்தார். தன்னைப் பார்த்தால் மட்டும் திறக்கணும், தம்பி வந்தால் திறக்கக் கூடாது, அப்படி ஒரு பீரோ வேண்டும் என்றார்.

“செஞ்சுரலாமே” என்றார் ஹக்கீம்.

“அதுக்கு மெஷின் இன்னும் வரலங்க” என்றார் குர்ஷித் பேகம்.

“வரட்டும்மா. அவசரமில்ல” என்று வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.