பெரியவீட்டுத் துரை நாற்காலி

வெள்ளைக்காரன் கப்பலேறிப் பத்து வருஷம் கழித்து, அவனைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று கருவக்குளத்துக்கு ஞானம் பிறந்தது. அவன் இருந்தபோதே படித்திருந்தால் ஏதாவது பிரயோஜனம் இருந்திருக்கும். அப்போது ஊரில் நூலகம் இல்லை. இப்போது இருந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகம். கீழக்கரை ஹாஜா முகைதீன் மரைக்காயர் கொழும்பில் ஏதோ துரை வீட்டு ஏலத்தில் எடுத்த புத்தகங்கள் அவை. யாரும் வாங்காததால் கல்விக்குத் தானமாகிவிட்டன.

சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் ஊரார் கேட்டது கிணறு. வட்டார வளர்ச்சி அதிகாரி கொடுத்தது வாசகர் வட்டம். "வெள்ளையர் காலத்தில் நம் ஊர்" என்று ஒரு கண்காட்சி நடத்த வேண்டும். வீட்டுக்கு வீடு பழைய சாமான்களைக் கொண்டுவர வேண்டும். வெள்ளைக்காரன் எப்படிச் சாப்பிட்டான், எப்படித் தூங்கினான் என்பதைப் புத்தகத்தில் பார்த்து, ஒவ்வொரு சாமானுக்கும் விளக்கச் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். தண்ணீர் இல்லாத ஊருக்கு இதைவிட அவசரமான காரியம் வேறென்ன இருக்க முடியும்?

சீட்டு எழுதும் பொறுப்பு முருகேஸ்வரிக்கு வந்தது. பெரியவீட்டுத் தவசியின் மருமகள். ராமநாதபுரத்தில் பத்து வரை படித்தவள், படம் பார்த்து இங்கிலீஷை எழுத்துக்கூட்டி விளங்கிக்கொள்வாள். மருமகள் படித்தவள் என்பதில் தவசிக்குப் பெருமைதான். அந்தப் படிப்பு வீட்டுக்குள்ளேயே வேலை காட்டும் என்று அவர் நினைத்ததில்லை.

கண்காட்சியின் மகுடம் பெரியவீட்டு நாற்காலிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நல்ல பர்மாத் தேக்கு. சிங்கக்கால் நான்கு, கடைசல் கைப்பிடி இரண்டு. இருக்கையில் வட்டமாக ஒரு மூடி, அதைத் தூக்கினால் உள்ளே ஒரு குழிவு. வெற்றிலை வைத்துக்கொள்ளத் துரை செய்த ஏற்பாடு என்று தவசியின் அய்யா சொல்லியிருந்தார். அந்தக் குழிவுக்கு அளவெடுத்தாற்போல, நீலப் பூப் போட்ட பீங்கான் பாத்திரம் ஒன்றும் உண்டு. பெரியவீட்டுக் கல்யாணங்களில் வருகிறவர்களுக்குச் சந்தனம் கரைத்து வைப்பது அதில்தான்.

கண்மாய்க் கரை பார்க்க வந்து கூடாரம் போட்ட துரை, தவசியின் பாட்டனாரின் வீரத்தைக் கண்டு மெய்சிலிர்த்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து, "நீ உட்கார்" என்று சொன்னதாக வரலாறு. பாட்டனார் என்ன வீரம் காட்டினார் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். எழுந்து கொடுத்தது மட்டும் மாறாது. அதனால்தான் மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவில் அய்யனார் கோயில் வாசலில் அந்த நாற்காலி போடப்படும், அதில் பெரியவீட்டு மூத்தவர் உட்காருவார், பூசாரி முதல் மரியாதையாகப் பரிவட்டத்தை அவர் தலையில் கட்டுவார். மேலவீட்டு மலையாண்டி மூன்று புரவியெடுப்பாக இதை எதிர்த்து வருகிறார்.

"துரை குடுத்த நாற்காலின்னா ஊருக்குக் குடுத்தது. நாற்காலி யாரு கையில இருக்கோ அவுகளுக்குத்தானா பரிவட்டம்?"

"ஆமா," என்பார் தவசி. "ஒனக்கு வேணும்னா ஒரு துரையப் பிடிச்சுட்டு வா."

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம், முருகேஸ்வரி ஒரு தடித்த புத்தகத்துடன் கூடத்து வாசல்படியில் வந்து நின்றாள். தவசி நாற்காலிக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"மாமா, நம்ம நாற்காலி இந்தப் புஸ்தகத்துல இருக்கு."

தவசி நிமிர்ந்தார். பெரியவீட்டுப் புகழ் சீமை வரைக்கும் போயிருப்பதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை, தாமதமாகத் தெரிந்ததில்தான் வருத்தம். "எங்க, காட்டு."

அதே சிங்கக்கால். அதே கைப்பிடி. மூடி திறந்திருந்தது. உள்ளே அதே பூப் போட்ட பாத்திரம்.

"வெத்தலப் பெட்டின்னு போட்டிருக்கா?"

முருகேஸ்வரி தூணைப் பார்த்தாள். "இல்ல மாமா."

"பெறகு?"

"படுக்கிற அறையில போட்டு வைப்பாகளாம். துரை ராத்திரி வெளிய போக வேண்டியது இல்லையாம்."

"எதுக்கு வெளிய போகணும்?"

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி, புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு, அடுக்களையில் பால் பொங்குவதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை. அடுத்த பக்கத்தில், தொங்கு குல்லாய் போட்ட ஒரு வெள்ளைக்காரன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

தவசி எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார். கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "கூடாரத்தப் பிரிக்கிறப்ப சுமை கூடிப்போச்சுன்னா, மொதல்ல இதத்தான் விட்டுட்டுப் போவாகளாம், மாமா."

"போதும் படிச்சது."

"சீட்டுல என்ன எழுதட்டும்?"

தவசி புத்தகத்தை மூடினார். "தேக்கு நாற்காலின்னு எழுது."

நாற்காலியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகாவிட்டால் மலையாண்டி ஏன் என்று கேட்பார். கொண்டுபோனால் கொழும்பு பார்த்த மரைக்காயர் வருகிறார். கைவசமே வைத்திருந்தால், என்றாவது ஒருநாள் எவனாவது அந்தப் பக்கத்தைத் திறப்பான். மூன்று தலைமுறையின் தலைப்பாகை அந்த மூடியின் மேல் இருந்தது. தவசி அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தபின் இரண்டு தரம் சாப்பிட்டார்.

மறுநாள் கண்காட்சிக் கூட்டத்தில் அதிகாரி ஒற்றுமையைப் பற்றிப் பேசி முடித்ததும் தவசி எழுந்தார்.

"எங்க வீட்டுல மட்டும் இந்த நாற்காலி இருக்கிறது நியாயமில்லன்னு தம்பி மலையாண்டி ரொம்ப நாளாச் சொல்றாப்ல. சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆச்சு. இனி இது மேலவீட்டுல இருக்கட்டும். பரிவட்டமும் அங்கனயே போகட்டும்."

கூட்டம் கை தட்டியது. அதிகாரிக்குக் கண் கலங்கியது. திட்டத்துக்குக் கிடைத்த முதல் பலன் அது. மலையாண்டி மட்டும் நாற்காலியைச் சுற்றி வந்தார்.

"என்னண்ணே, கால் ஏதும் ஆடுதா?"

"ஆடுறதுலயா ஒன்னய உக்காரச் சொல்வேன்?"

மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டு, மீசையைத் தடவி, உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஹாஜா முகைதீன் உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார். அதில் இருந்தவரைப் பார்த்தார். கடைசியாகத் தவசியைப் பார்த்து, அருகே வந்து மெதுவாகக் கேட்டார்.

"தவசி, இதோட ஒரு பீங்கான் இருக்குமே?"

"இருக்கு மரைக்காயரே. எங்க முருகேஸ்வரி கல்யாணத்துக்கு நீங்க வந்தப்ப, சந்தனம் அதுலதான் கரைச்சிருந்தோம்."

மரைக்காயர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "யா அல்லாஹ்," என்றார். "வாசமாத்தான் இருந்துச்சு." அதிகாரி அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னபோது, தமக்கு நிற்பதுதான் உடம்புக்கு நல்லது என்றார்.

தவசி வீட்டுக்கு நிமிர்ந்து நடந்தார். மாவட்டத்திலேயே பெரிய வேடிக்கை அவர் கையில் இருந்தது. ஆனால் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லை. சொன்னால் மலையாண்டி ஒரு நாள் உட்கார்ந்த கதை வரும். கூடவே பெரியவீடு மூன்று தலைமுறை உட்கார்ந்த கதையும் வரும்.

ஒரு காரியத்தை மட்டும் அவர் மறந்துவிட்டார். கெடு முடிந்ததும் முருகேஸ்வரி புத்தகத்தை ஒழுங்காக நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாற்காலி வந்ததும் அதன் பெருமையை ஆதாரத்தோடு பேச வேண்டும் என்று மலையாண்டி வாசகர் வட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

புரவியெடுப்பு வந்தது. மண்குதிரைகள் வரிசையாகக் கோயில் வாசலில் இறங்கின. நாற்காலி போடப்பட்டது. மலையாண்டி அதிலிருந்து பத்தடி தள்ளி நின்றார்.

"அண்ணே, என்ன இருந்தாலும் அது உங்க பாட்டனார் சொத்து. நீங்க உக்காருங்க."

குரலில் இருந்த பணிவைக் கேட்டதுமே தவசிக்கு விளங்கிவிட்டது. "குடுத்தது குடுத்ததுதான். நீ உக்காரு தம்பி."

"பெரியவுக இருக்க நான் உக்காரலாமா?"

"பரிவட்டம் ஒனக்குன்னு சபையில சொல்லியாச்சு."

"உங்க மகன் கல்யாணத்துல," மலையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, தவசிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், "ரெண்டு தடவ சந்தனம் பூசினேன்ணே. நெத்தியில."

"நாங்க மூணு தலைமுறையாப் பூசுறோம்," என்றார் தவசி, அதே குரலில். "சத்தம் போடாத."

கொட்டுக்காரர்கள் கை சலித்தார்கள். பட்டுத் துணியைப் பிடித்தபடி பூசாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. இப்படியும் விட்டுக்கொடுக்கிற பெரிய மனிதர்கள் உண்டா என்று பெண்கள் வியந்தார்கள். வேறு வழியில்லாமல் பூசாரி, பரிவட்டத்தை நாற்காலியின் முதுகில் சுற்றிக் கட்டி, அதற்குத் திருநீறும் பூசிவிட்டார். ஊர் குலவையிட்டது.

தவசி அய்யனாரைப் பார்த்துக் கைகூப்பினார். அய்யனார் அவரைப் பார்க்காமல் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, மொத மரியாதை ஆச்சு," என்றார் மலையாண்டி, துண்டை இறுக்கிக் கட்டியபடி. "ரெண்டாவது யாருக்கு?"

"மனுசருக்கு அதுதான் மொத மரியாதை, அது எப்பவும் பெரியவீட்டுக்குத்தான்," என்று தவசி ஓர் அடி முன்னால் வந்தார்.