முதலாளி கையெழுத்து

சொந்தமாகத் தொழில் செய்யும் கலைஞர்களைக் கைதூக்கி விடுவதற்காக 2005இல் புனேயில் ஓர் ஆதரவுக் குழு கிளம்பியது. குழுவில் ஒன்பது பேர். அவர்கள் வாழ்நாளில் போட்ட கோடெல்லாம் கையெழுத்துக்குக் கீழே போட்டதுதான்.

நான் பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். பெயர் ஜோசபின். ஏரவாடாவில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் வைத்துக்கொண்டு ஏழு வருஷமாகக் காலம் தள்ளினேன். அந்தக் கோடையில் காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் கரண்ட் போனது. அப்போது பார்த்துத்தான், புத்தகக் கடைகள் நிறைந்த 'அப்பா பல்வந்த் சௌக்' என்ற இடத்தில் ஒரு பதிப்பாளர் குழந்தைகளுக்கான பறவைப் புத்தகம் ஒன்றை என்னிடம் கொடுத்தார். நாற்பது படம், ஜூன் பத்துக்குள். அட்டையில் என் பெயர் வரும் என்றார். அதுவரை என் பெயர் உள்பக்கத்தின் மூலையில்கூட வந்ததில்லை.

ஆதரவுக் குழு சிவாஜி நகரில் பன்னிரண்டு அறைகள் கட்டி, ஜெனரேட்டரும் போட்டிருந்தது. கலைஞர்களுக்கு இலவசம். ஓடினேன்.

அங்கே செயலாளர் பத்ரிநாத் இருந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேசுகிறவள் என்றதும் நாற்காலியைக் காட்டினார். விண்ணப்பத்தைப் புரட்டியவர் பதினோராவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"முதலாளி கையெழுத்து எங்கம்மா?"

"எனக்கு முதலாளி கிடையாது சார். அதனாலதான இங்க வந்திருக்கேன்."

"நீங்க சொல்றது வாஸ்தவம்தான். ஆனா ஃபார்ம்ல கேட்டிருக்கே."

ஃபார்மை நன்றாகப் பார்த்தேன். வங்கியில் சம்பளக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் படிவம் அது. மனிதர் தலைப்பை மட்டும் மாற்றி அச்சடித்திருந்தார். முப்பது வருஷம் நீட்டிய காகிதத்தைத் தவிர வேறொன்றை நீட்ட அந்தக் கைக்குத் தெரியவில்லை. ஒன்பது பேரும் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் கூத்து.

வீட்டுக்கு வந்து ஒரு லெட்டர்பேட் வடிவமைத்தேன். 'ஜோசபின் ஓவியக்கூடம்' என்று மேலே போட்டு, 'இவர் எங்களிடம் ஏழாண்டுகளாகப் பணிபுரிகிறார்; நேர்மையானவர்; விடுப்பே எடுத்ததில்லை' என்று கீழே எழுதி, முதலாளி என்ற இடத்தில் நானே கையெழுத்திட்டேன். ரப்பர் ஸ்டாம்பும் குத்தினேன்.

பத்ரிநாத் அதை இரண்டு தடவை படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த நரம்பே அவருக்குக் கிடையாது.

"வேலை பாக்கறவாளும் நீங்க, கையெழுத்துப் போட்டதும் நீங்க. ஆடிட்ல கேப்பா."

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. வீட்டில் ஏழு பறவைதான் முடிந்திருந்தது. மூன்றாவது தடவை போனபோது அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"ஒண்ணு பண்ணலாம். ஸ்டாஃபுக்குன்னா ரூம் உடனே குடுத்துடலாம். விண்ணப்பம் சரிபாக்க ஆள் வேணும். பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும். வர்றேளா?"

சொந்தத் தொழில் செய்கிறவளுக்கு அவர்களால் செய்ய முடிந்த உதவி, அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வது. வாய்விட்டுச் சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். நானோ, நடுநடுவே வரைந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத் தலையாட்டினேன். அவர்களைவிட நான்தான் பெரிய முட்டாள்.

அறை கிடைத்தது. மின்விசிறி கிடைத்தது. கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கடிதங்களுக்கு எண் போடுவது, கூட்டத்துக்குச் சமோசா சொல்வது. பெரிய மனிதர்கள் யாராவது வந்தால் பத்ரிநாத் என் அறைக்குத்தான் கூட்டிவருவார். "இவங்க நம்ம ஆர்டிஸ்ட்," என்பார். அவர்கள் திரையில் பாதியில் நிற்கும் மீன்கொத்தியைப் பார்த்து "பஹுத் அச்சா" என்பார்கள். ஐந்து மணிக்கு வாட்ச்மேன் பூட்டிவிடுவார். மே கடைசியில் பதினோரு பறவை. பதிப்பாளர் போனில் திட்டக்கூட இல்லை. வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் விண்ணப்பத்தோடு வந்தாள். பெயர் தீபா, வீடு தாபோடிப் பக்கம். தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

"அக்கா, எங்க ஏரியால லைட் ரொம்பப் போகுது. எனக்கு ரூம் வேணும். ஜல்தி. நாப்பது பிக்சர். எல்லாம் பறவைங்க. கவர்ல என் நேம் வருதாம்."

கோப்பைத் திறந்து காட்டினாள். அவளுடைய மீன்கொத்தி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது. விண்ணப்பத்தை வாங்கினேன். பதினோராவது கட்டம் காலி.

"இது என்ன அக்கா? நான் அகேலி, தனியாதான் வேலை செய்றேன். யாரும் மாலிக் இல்ல."

எனக்குத் தெரியாதா என்ன. என் அறையைத் தவிரப் பதினோரு அறைகள் பூட்டிக் கிடந்தன. சாவிக்கொத்து என் மேஜையில்தான் இருந்தது. ஒன்றைக் கழற்றி அவள் கையில் கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நீ சொல்றது சரிதாம்மா," என்றேன். "ஆனா ஃபார்ம்ல கேட்டிருக்கே."

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த பத்ரிநாத், நான் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டதில் திருப்திப்பட்டுத் தலையசைத்தார். அவள் படியிறங்குவதற்குள் கரண்ட் போனது. உடனே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது.