அண்ணனின் பின்னால் ஆறு குஞ்சுகள்

என் அண்ணன் கல்லூரிக் கிரிக்கெட் அணியில் தொடக்க ஆட்டக்காரன், தொடங்குவதற்குள் முடிந்துவிடுவான். வரிசையாக மூன்று போட்டியில் ஒரு ரன்கூட இல்லாமல் டக் அவுட். கல்லூரி முழுக்க அவனுக்கு வாத்து என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் முட்டை என்றால் அணியில் இடமில்லை, தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டியதுதான் என்று கேப்டன் சொல்லிவிட்டான்.

அண்ணன் படிப்பது விலங்கியல். முந்தின நாள் ஆய்வுக்கூடத்தில் முட்டைப் பொரிப்புப் பெட்டிக்குக் காவல். உள்ளே வாத்து முட்டைகள்தான், வேறென்ன. பொரியும்போது யாரும் முகம் காட்டக் கூடாது, குஞ்சு முதலில் பார்ப்பதையே அம்மா என்று நம்பிவிடும் என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அண்ணனோ பெட்டியின் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தபடி மட்டை வீசிப் பழகிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஆறு பேர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அண்ணன் மைதானத்தில் இறங்கியபோது, பின்னால் மஞ்சளாக ஆறு பேரும் இறங்கினார்கள். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, வாத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார்.

எதிர்முனையில் நான். முதல் பந்துக்கு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வீசினான். பட்டுவிட்டது. பட்டதில் அவனுக்கே அதிர்ச்சி. நான் தலைதெறிக்க ஓடி மறுமுனையைத் தொட்டுத் திரும்பினால், அவன் பாதி வழியில் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருக்கிறான். கடைக்குட்டி தடுக்கி விழுந்திருந்தது. அண்ணன் நின்று திரும்பினான்.

“அண்ணா, அத விட்டுட்டு ஓடு.”

“சும்மா இருடா. குழந்த விழுந்துடுச்சு.”

அதைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்குள் பந்து ஒரு ஃபீல்டரின் கைக்குப் போய்விட்டது. எறிடா வாத்து மடையா என்று எதிரணிக் கேப்டன் கத்தினான். ஃபீல்டர் கையை ஓங்கினான். அவனுக்கும் ஸ்டம்புக்கும் நடுவே ஐந்து குஞ்சுகள் நின்று அவனை நிமிர்ந்து பார்த்தன. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

“குறுக்க நிக்குதுங்கண்ணா,” என்றான் தன் கேப்டனிடம், அழாத குறையாக.

அண்ணன் மட்டையைக் கோட்டுக்குள் வைத்தான். ஐந்தும் ஓடிவந்து அவன் காலடியில் சேர்ந்தன. ஒரே ஒரு ரன். எங்கள் பக்கம் கோப்பையே கையில் கிடைத்ததுபோல் ஆர்ப்பரித்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அடுத்த பந்து எனக்கு. ஸ்டம்ப் பறந்தது.

எங்கள் கேப்டன் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தான்.

“போய் உங்க அண்ணனுக்குக் குடு. குழந்தைங்களுக்கும் கொஞ்சம் ஊத்து.”