விஸ்வகர்மா பூஜையும் இரண்டு செப்புப் பட்டைகளும்

பிரிட்டோ மாதம் ஒரு தடவை போன் செய்வான். தூத்துக்குடிக்காரன், பம்பாய்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தான்.

"மேடம், எங்க மெஷின்ல இன்னும் திரும்ப மாட்டேங்குது."

பிரியம்வதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்கத்தாவில் பெஹாலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி சால்ட் லேக் ஆய்வகத்துக்கு வந்த களைப்பு வேறு.

திரும்ப வேண்டியது இதுதான். வளையமான ஒரு கலத்துக்குள் வாயுவை லட்சக்கணக்கான டிகிரிக்குக் காய்ச்சி, சுவரில் படாமல் காந்தப்புலத்தால் கட்டிவைக்கிறார்கள். நடுவில் அது சமர்த்தாக இருக்கும். விளிம்பில்தான் பொங்கும் பால் மாதிரிக் கொந்தளிக்கும். கொந்தளித்துக்கொண்டே ஒரு பக்கமாக ஓடும். எந்தப் பக்கம் என்பதைக் காந்தக் கோடுகளின் வளைவும் திசையும் தீர்மானிக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை, வாயுவைக் கொஞ்சம் கூட்டினால் கொந்தளிப்பே ஓட்டத்தைத் திருப்பிவிடும் என்று 1998இல் கட்டுரை எழுதியவள் பிரியம்வதா. ஏழு வருஷ உழைப்பு. அவளுடைய டாக்டர் பட்டம் அதன்மேல்தான் நின்றது. பிரிட்டோவின் பட்டமும் அதன்மேல்தான். அவள் கண்டதைத் தன் எந்திரத்திலும் காட்டினால்தான் அவன் மேலே போக முடியும்.

"அளவெடுக்கிற ப்ரோபை ஒழுங்கா செருகினியா?"

"பன்னெண்டு தடவ மாத்திட்டேன் மேடம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மெஷின் மேல பழி போடாதே. உன் கையிலதான் தப்பு."

"சரி மேடம். அப்படித்தான் இருக்கும்."

ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. வாயுவைப் பழையபடி குறைத்து ஒருமுறை சரிபார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்களுக்கு நாலாவது காலைத் தேடிப் பார்க்க மனசு வருமா?

1999 செப்டம்பர் பதினேழு, விஸ்வகர்மா பூஜை. கல்கத்தாவில் அன்றைக்கு எந்திரம் எதுவும் ஓடாது. எல்லாவற்றையும் துடைத்து மாலை போடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே பூஜைக்கு, மெக்கானிக் நிமாய்தா செப்பை வெறும் துணியால் துடைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், வீட்டிலிருந்து புளி கொண்டுவந்து தேய்த்தவள் இவள். மின்சாரத்தைக் காந்தச் சுருளுக்குக் கொண்டுபோகும் இரண்டு பட்டைகளையும் கழற்றி, பளபளவென்று துலக்கி, அவளே பூட்டினாள். அடுத்த வருஷப் பூஜைக்கு ஊரில் இல்லை. இந்த வருஷம் மறுபடி புளியோடு வந்தாள்.

பட்டைகளைக் கழற்றியவள் அவை பூட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். பல வருஷக் கறை நெடுக்காக இரண்டு கோடாகப் படிந்திருந்தது. அவள் கழற்றிய பட்டைகளோ குறுக்காகப் பூட்டியிருந்தன.

நெடுக்காகப் பூட்டினால் காந்தப்புலம் ஒரு பக்கம் சுற்றும்; குறுக்காகப் பூட்டினால் எதிர்ப்பக்கம். மீட்டர் அளவைத்தான் காட்டும், திசையை அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் குறுக்காகப் பூட்டியவள் அவளேதான். அந்தப் பூஜை முடிந்த வாரத்தில்தான் அவள் வாயுவையும் கூட்டினாள்; அப்படியானால் ஓட்டத்தைத் திருப்பியது எது?

விஷயத்தைக் கேட்ட அவளுடைய கைடு சேஷாத்ரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பேப்பர்ல என் பேரும் இருக்கும்மா. நெடுக்கா பூட்டிட்டு வாயை மூடிண்டு இரு. யாருக்குத் தெரியப்போறது?"

"பிரிட்டோ தன் தப்புன்னு நெனச்சிண்டிருக்கானே சார்."

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பட்டைகளைச் சரியாகப் பூட்டி, வாயுவைக் குறைக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். கட்டுரையில் சொன்ன பக்கமே ஓடினால், திருப்பியது கொந்தளிப்புதான், அவள் பிழைத்தாள். மறுநாள் காலை நிமாய்தா சுவிட்சைப் போட்டார். இருபது மில்லி செகண்ட் ஓடியது. திரையில் கோடு கட்டுரை சொன்னதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மூன்று தடவை ஓட்டினார்கள், மூன்று தடவையும் சாய்ந்தது. பிரியம்வதா ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நிமாய்தா டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பத்திரிகைக்கு எழுதுமுன் பிரிட்டோவிடம் சொல்ல வேண்டும் என்று போன் செய்தாள். அவனுடைய கைடு வெங்கடநாராயணன் எடுத்தார்.

"பிரிட்டோவா? போன வெள்ளிக்கிழமையோட விட்டுட்டுப் போயிட்டானே. ஊர்ல ஏதோ கம்பெனி வேலையாம்."

"சார், அவன் அளந்ததுதான் சரி. என் பேப்பர்தான் தப்பு. அந்த அளவை வெச்சே அவன் தீசிஸ் எழுதிடலாம் சார். கூப்பிடுங்கோ அவனை."



"எதை வெச்சும்மா எழுதுவான்?" என்றார் வெங்கடநாராயணன். "தப்பான அளவு, யாருக்கும் உதவாதுன்னு ஒன்றரை வருஷ டேப்பையும் அழிச்சிட்டான். அடுத்து வர்றவன் உபயோகிச்சுக்கட்டும்னு மேல ஒட்டின சீட்டைக்கூட உரிச்சு, அலமாரியில அடுக்கி வெச்சிட்டுப் போயிருக்கான்."