உள் ஸ்வெட்டர்

அன்று காலை உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள்: பெரியக்கா, ரேடியோ, குச்சி. எல்லாம் பட்டப்பெயர்கள். கதவுக்கு வெளியே, பூட்ஸால் தரையைத் தட்டிக்கொண்டு மேஸ்திரி. அலமாரிக்குள், பெரியக்காவின் பழைய பூட்ஸில் தலைகீழாக ஒளித்து வைத்த ஒரு பிராந்தி பாட்டில். அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். அது இல்லாமல் அந்த அறையில் வேலை ஆரம்பித்ததில்லை. இன்னோர் உயிரும் அங்கே இருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

இறால் பதனிடும் கம்பெனி. வெளியே மேசைகளில் உரித்துக் கழுவிப் பெட்டியில் அடைத்த இறால் கடைசியில் ஐஸ் ரூமுக்கு வரும். மைனஸ் பதினெட்டில் அந்தப் பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும் இந்த மூன்று பெண்களின் வேலை. கம்பெனி கொடுத்த கோட்டுகள் பல உடம்பு பார்த்தவை. பஞ்செல்லாம் அடியில் இறங்கிவிட்டது; தோளில் இருப்பது வெறும் துணி. அதனால் உள்ளே போகுமுன் ஆளுக்கு ஒரு மூடி. பாட்டில் மூடி இல்லை, பிளாஸ்க் மூடி. சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் உள் ஸ்வெட்டர். யாரும் அதைக் குடி என்று நினைத்ததில்லை. குடி என்பது ஆண்கள் சத்தம் போட்டுச் செய்வது. இது கையுறை மாதிரி, வேலைச் சாமான்.

குச்சிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ஐஸ் ரூமில் அது ஒரு விஷயமே இல்லை. ரேடியோவுக்கு மழைக்காலம் முழுக்க வராமல் இருந்துவிட்டு, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. "குளிர் முழுங்கிடுச்சு" என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது. கல்யாணமான புதிதில் நாள் தள்ளிப்போனதையெல்லாம் நம்பி நம்பி ஏமாந்தவள் குச்சி. ஏழெட்டு வருஷம் ஆன பிறகு இந்த விளக்கம் அவளுக்கு வசதியாகவே இருந்தது. தலைசுற்றல், சோர்வு, வாய்க்கசப்பு எல்லாமே குளிரின் கணக்கில் போயின. பெரியக்காதான் பாவம் பார்த்தாள். "பிள்ளை வெளுத்துப் போயிட்டா" என்று அவள் பங்கில் மட்டும் தினமும் கூடக் கொஞ்சம் ஊற்றினாள்.

அன்று மூடி வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் குச்சி ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

"என்னடி, பிராந்தியே உன்னைப் பிடிக்கலன்னு சொல்லுதா?" என்றாள் ரேடியோ.

"வாடையே ஆகலக்கா."

"இறால் வாடை?"

"எல்லா வாடையும்."

ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். அது அபூர்வம். பிறகு சத்தமாகச் சிரித்தாள். "பெரியக்கா, குச்சி துளிர்த்துடுச்சு!"

பெரியக்கா சிரிக்கவில்லை. தன் கையில் இருந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டரம்மா உறுதி செய்தார். மூன்றாவது மாதம் நடக்கிறது என்றார். தூக்கம், சாப்பாடு, மாத்திரை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "குடிப்பழக்கம் உண்டா?" என்றும் கேட்டார். குச்சி இல்லை என்று தலையாட்டினாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"டாக்டர், குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி எடுத்துக்குவோம். வேலை இடத்துல. மருந்து மாதிரி."

"எப்பவாவதா?"

"தினம். ரெண்டு தடவை."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "இனிமே ஒரு சொட்டு கூடாது."

"இல்லம்மா, நிறுத்திட்டேன். ஆனா இதுவரைக்கும் போனது?"

"தெரியாமதானே நடந்துச்சு. நிறைய பேருக்கு இப்படி ஆகுது. பெரும்பாலும் நல்லாத்தான் பொறக்குது."

"பெரும்பாலும்னா?"

"அதுக்கு மேல என்னால சொல்ல முடியாதும்மா."

"ஸ்கேன்ல பாத்தா?"

"கை, கால், இதயம் பாக்கலாம். மூளை எப்படி வேலை செய்யும்னு ஸ்கேன் சொல்லாது. சில விஷயம் பொறந்து, வளந்து, ஸ்கூல் போற வயசுலதான் தெரியும். இப்ப நிறுத்தினதே பெரிய விஷயம். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

ஏதாவது மருந்து, ஊசி, பத்தியம் என்று சொல்லியிருந்தால் குச்சி உயிரைக் கொடுத்துச் செய்திருப்பாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்குக் கிடைத்த சீட்டு.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அப்பா குடித்தே செத்ததால் வீட்டில் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். அவள் வாடை போகட்டும் என்று அந்தி நேரமாகப் பார்த்து வேலையிலிருந்து வருவாள். வழியில் ஏலக்காய் மென்றிருப்பாள். அவருக்கு எதுவும் தெரியாது. செய்தியைக் கேட்டதும் வேனை இன்னொரு தடவை கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார்.

"நம்ம பிள்ளைக்கு முன் சீட்டு" என்றார். "யாரு கேட்டாலும் கிடையாது. முதலாளி பேரன் வந்தாலும் பின்னாடிதான்."

"பொறக்கட்டும் முதல்ல."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

அவர் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டே போனார். கடைசி இருக்கைக்கு வந்ததும் நின்றார். "இங்க ஒரு பாப்பா உக்காரும். பத்து வயசு. தினம் அதே வாசல்ல இறக்கி விடறேன், தினமும் புதுசா பாக்கற மாதிரி பாக்கும். கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விடணும். தங்கமான பிள்ளை."

"ஏன் அப்படி?"

"பொறப்புலயே அப்படித்தானாம். யாருக்குத் தெரியும், எதனாலன்னு."

பிராந்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று குச்சிக்குத் தோன்றியது. வாய் திறந்தும் விட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. "பக்கெட்டைக் குடுங்க, தண்ணி மாத்தறேன்" என்றாள்.

அடுத்த வாரம் பள்ளிக்குக் கோடை விடுமுறை தொடங்கியது. வேன் ஓடாத மாதங்களில் அவருக்குச் சம்பளம் கிடையாது. குச்சியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். அவள் மேஸ்திரியிடம் வெளி மேசையில் இடம் கேட்டாள்.

"மேசையெல்லாம் ஆள் நெருக்கி நிக்குதும்மா. உள்ள முடியாதுன்னா சொல்லு, வீட்ல இரு. வேற ஆள் போட்டுக்கறேன்." அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

உடை மாற்றும் அறையில் பெரியக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னவாம்?"

"தெரியாதாம்."

"நான்தாண்டி ஊத்திக் குடுத்தேன். அதுவும் கூடக் கூட." பெரியக்கா நகர்ந்து குச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிடு என்னை."

"திட்டினா என்னக்கா ஆகும்?"

ரேடியோ தன் கோட்டுப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

வழக்கப்படி மூடி சுற்றி வந்தது. ரேடியோ குடித்தாள். பழக்க தோஷத்தில் பெரியக்காவின் கை அடுத்ததைக் குச்சிக்கு நேராக நீட்டிவிட்டது. நீட்டிய பிறகுதான் உறைத்தது. திரும்பப் பாட்டிலில் ஊற்றப் பார்த்தாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. மிச்சத்தை அவளே குடித்தாள். பிறகு தன் கோட்டைக் கழற்றி, அடியில் போட்டிருந்த பச்சைக் கம்பளிச் சட்டையைத் தலைவழியாக உருவிக் குச்சியின் மடியில் போட்டாள்.

"இது நிஜ ஸ்வெட்டர்."

"உங்களுக்கு?"

"எனக்கு உள்ள போட்டாச்சு."

குச்சி போட்டுக்கொண்டாள். பிராந்தி வாடை அடித்தது. இந்தக் குளிர் வயிற்றுக்கு என்ன செய்யும் என்று அவள் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு 'சொல்ல முடியாது' கிடைத்திருக்கும்.

ஐஸ் ரூம் கதவின் ரப்பர் தேய்ந்து போயிருந்ததால் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டால்தான் குளிர் உள்ளே நிற்கும். வேலை முடிந்ததும் உள்ளிருந்து தட்ட வேண்டும், மேஸ்திரி திறப்பார். முதலில் ரேடியோ போனாள், பின்னால் பெரியக்கா. குச்சி நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள்.

"உள்ள போம்மா, குளிர் வீணாகுது" என்றார் மேஸ்திரி.

அவள் உள்ளே போனாள். அவர் கதவைச் சாத்தி, தோளால் அழுத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டினார்.